ஆடுகளமும் அடையாளமும் – 7: பிறப்பால் பிரிந்த அணிகள்

இந்தியாவில் பெரிய கிரிக்கெட் போட்டிகள் தொடங்கிய காலத்தில் அணிகள் ஊர்ப் பெயரால் அமையவில்லை. ஆடுகிறவர் எந்த இனத்தில், எந்த மதத்தில் பிறந்தார் என்பதே அவருடைய அணியைத் தீர்மானித்தது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று தனித்தனி அணிகள் இருந்தன. சென்னையில் ஐரோப்பியர் ஒரு பக்கமும் இந்தியர் மறு பக்கமும் ஆடினார்கள். பம்பாயில் 1892-இல் வேரூன்றிய இந்த முறை 1946-இல் அங்கே ஒழிந்தது. சென்னையில் அது நாடு விடுதலை பெற்ற பிறகும் 1952 வரை நீடித்தது. அது எப்படி வந்தது, எதனால் போனது, வெள்ளையர் வெளியேறிய பின்பும் தென்காசி, நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் அதே கேள்வி வேறு உருவில் ஏன் நிற்கிறது என்பவற்றை இந்தப் பகுதி வரிசையாகப் பார்க்கிறது.

சேப்பாக்கத்து மரத்தடி

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற அதிகாரியின் முயற்சியால் உருவானது. முதலில் தீவுத்திடலில் ஆடிய கிளப், 1860-களில் சேப்பாக்கத்துக்கு மாறியது. கர்நாடக நவாபின் அரண்மனை நிலமாக இருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்த இடம் அது. கிளப்பில் ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக முடியும். புல் வெட்டவும் ரோலர் இழுக்கவும் இந்தியர் வேண்டியிருந்தனர். உறுப்பினர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

நாளடைவில் இந்தியர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, கிளப் அணியோடு மோதும் அளவுக்கு வளர்ந்தனர். அப்போதும் ஆடுகளத்துக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம் என்றுதான் இருந்தது. எல்லைக் கோட்டுக்குள் இரு தரப்புக்கும் ஒரே விதி. உணவு இடைவேளை வந்ததும் ஐரோப்பியர் பெவிலியன் படியேறிப் போவார்கள். இந்திய ஆட்டக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அவர்கள் மைதானத்து ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மணி அடித்ததும் மறுபடி களத்துக்கு வரவேண்டும். சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடும் செய்தி இது.

இந்த அவமதிப்புக்கு முதலில் பதில் சொன்னவர் புச்சி பாபு. முழுப்பெயர் மோதவரப்பு வேங்கட மகிபதி நாயுடு. பிறந்த ஆண்டு 1868. பாரி கம்பெனியின் துபாஷாக (இடைத்தரகராக) இருந்த செல்வந்தரின் குடும்பத்தில், மயிலாப்பூர் லஸ் பகுதியில் வளர்ந்தவர். ஆங்கிலேயச் சூழலில் வளர்க்கப்பட்ட அவருக்குக் குதிரையேற்றமும் டென்னிஸும் கிரிக்கெட்டும் இளமையிலேயே கைவந்தன. பணமும் பழக்கமும் இருந்தும் பெவிலியனுக்குள் அவரும் நுழைய முடியவில்லை. 1888-இல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியருக்கென்று மைதானம், ஓய்வறை, பயிற்சிக் கருவிகள் என எல்லாமே அங்கே இருந்தன. மட்டை வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அவரே வாங்கிக் கொடுத்தார். லஸ் வீட்டு வளாகத்திலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்தது.

ஐரோப்பியர் கிளப்பில் இடம் கேட்டு மனுக் கொடுப்பதை விட, அவர்களைச் சமமாக எதிர்த்து ஆடி வெல்லும் ஓர் அணியை உருவாக்குவதே அவர் தேர்ந்தெடுத்த வழி. அதன் அடுத்த படியாக, சென்னை மாகாணத்தின் தலைசிறந்த ஐரோப்பியரும் தலைசிறந்த இந்தியரும் ஆண்டுதோறும் மோதும் போட்டி ஒன்றை 1908-இல் திட்டமிட்டார். ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, அந்த ஆண்டு டிசம்பரில், 40 வயதில் காலமானார்.

பொங்கல் மேட்ச்

அவர் விட்டுச் சென்ற திட்டமே பின்னால் பிரசிடென்சி மேட்ச் என்று புகழ்பெற்றது. 1915-16 பருவம் முதல் அது முதல்தரப் போட்டியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடந்ததால் நகர மக்கள் அதைப் பொங்கல் மேட்ச் என்றே அறிந்தார்கள். ஐரோப்பியர் அணியில் வணிக நிறுவனங்களின் அதிகாரிகளும் அரசு உத்தியோகஸ்தர்களும் படை அதிகாரிகளும் இருந்தனர். இந்தியர் அணிக்கு மெட்ராஸ் யுனைடெட் கிளப், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப் போன்ற சங்கங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். புச்சி பாபுவின் பிள்ளைகளான பாலையாவும் கோட்டா ராமசாமியும் அவர்களுள் அடக்கம். ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் 1936-இல் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். டெஸ்டில் அறிமுகமானபோது அவருக்கு வயது 40.

பம்பாய்க்கும் சென்னைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சென்னையில் கோடு ஒன்றே ஒன்றுதான்: வெள்ளையர், இந்தியர். இந்தியர் என்ற பெயருக்குள் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர் என்ற உட்பிரிவு எழவில்லை. சென்னையில் குடியேறிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த ஏ.ஜி. ராம்சிங் இந்தியர் அணியின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராக விளங்கினார். மத்திய மாகாணத்திலிருந்து சி.கே. நாயுடு வந்து ஆடியபோதும் அவர் எந்த ஊர், எந்தப் பிரிவு என்ற வழக்கு வரவில்லை.

ஆனாலும் அந்த அணியை முழு மாகாணத்தின் முகம் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஆடியவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியுள்ள, மேல்சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கல்லூரி வளாகங்களும் அதன் நாற்றங்கால். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் கிராமத்துப் பையன் அந்த அணிக்குப் போவதற்கு அப்போது வழியே கிடையாது. இனத்தின் கோட்டை எதிர்த்து நின்ற அணிக்குள் சாதியும் வர்க்கமும் போட்ட கோடு தொடப்படாமலே இருந்தது.

பம்பாய்: நான்கு சமூகம், நான்கு அணி

பம்பாயில் கிரிக்கெட்டை முதலில் கைக்கொண்ட இந்தியர் பார்சிகள். ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பை அவர்கள் 1848-இல் தொடங்கினார்கள். ஐரோப்பியர் போலோ ஆடிக் குதிரைக் குளம்பால் குழியாக்கிய பொதுத் திடலில்தான் பார்சிகளும் மற்ற இந்தியரும் கிரிக்கெட் ஆட வேண்டியிருந்தது. ஜிம்கானா மைதானமோ ஐரோப்பியருக்கு மட்டும். 1879-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இந்திய ஆட்டக்காரர்கள் மனுமேல் மனுப் போட்டு இதை எதிர்த்தார்கள். பின்னர் பார்சிகளுக்கும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கடற்கரை ஓரத்தில் தனித்தனி ஜிம்கானா நிலம் ஒதுக்கப்பட்டது. மைதானத்தைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த பிறகு அணிகளும் சமூகவாரியாகவே அமைந்ததில் வியப்பில்லை.

1892-இல் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதும் ஆண்டுப் போட்டி வந்தது. 1907-இல் இந்துக்கள் சேர்ந்து அது மும்முனையானது. 1912-இல் முஸ்லிம்கள் சேர்ந்ததும் நான்முனைப் போட்டியாக வளர்ந்தது. பெருங்கூட்டம் கூடிய விளையாட்டுப் போட்டி அது. 1911-இல் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய அணிக்குப் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவர். அந்த அணியிலும் பார்சிகளுக்கு இத்தனை, இந்துக்களுக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை என்று பார்த்தே ஆட்களைச் சேர்த்தார்கள்.

மண் குவளையில் தேநீர்

அந்த 1911 சுற்றுப்பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்து, அணியின் மானத்தைக் காத்தவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு. 1876-இல் பிறந்த அவர், தோல் தொழிலோடு இணைத்துப் பேசப்பட்ட, தீண்டாமைக்கு ஆளான சாமர் சாதியினர். பூனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்தார். வலைப்பயிற்சியில் வெள்ளைக்கார மட்டையாளர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர்கள் அவருடைய பந்துவீச்சை மெச்சினார்கள். மட்டையைப் பிடிக்க வாய்ப்புத் தரவில்லை.

ஐரோப்பியரைத் தோற்கடிக்க வேண்டுமானால் பாலு வேண்டும் என்பது பூனாவின் இந்து அணிக்குத் தெரிந்திருந்தது. தீண்டத்தகாதவரோடு எப்படி ஆடுவது என்று அணிக்குள் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. களத்தில் பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வரும். சாப்பாடும் தனித் தட்டில், தனி இடத்தில். சேப்பாக்கத்தில் வெள்ளையர் இந்தியருக்குச் செய்ததை, பூனாவில் இந்தியர் இந்தியருக்கே செய்தார்கள்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றார்கள். வெற்றியில் பாலுவின் பங்கு பெரியது. அவருடைய தம்பி சிவராமும் அதே அணியில் ஆடினார். வெற்றிக்கு வெற்றி அணிக்குள் தீண்டாமைக் கெடுபிடி தளர்ந்தது. தலைமைப் பொறுப்பு மட்டும் கைக்கு எட்டவில்லை. பாலுவின் மற்றொரு தம்பி விட்டல் சிறந்த மட்டையாளர். 1920-இல் தகுதியில் முன்னால் நின்ற அவரைத் தாண்டி வேறொருவருக்குத் தலைமை போனதும், விட்டலும் சிவராமும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி அணியிலிருந்து விலகினர். பத்திரிகைகளில் பெரும் விவாதம் நடந்தது. நிர்வாகம் இறங்கி வந்து பாலுவைத் துணைத் தலைவராக அழைத்தது. 1923-இல் விட்டல் தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றினர். பாலு பின்னர் அரசியலுக்கு வந்து, 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 1955-இல் மறைந்தார்.

‘மற்றவர்’ அணியும் அதன் முடிவும்

1937-இல் பம்பாய்ப் போட்டி ஐம்முனையானது. எந்தப் பிரிவிலும் அடங்காத இந்தியக் கிறித்தவர்களுக்கும் யூதர்களுக்கும் பிறருக்கும் ‘மற்றவர்’ என்ற பெயரில் ஓர் அணி அமைந்தது. சாங்லியைச் சேர்ந்த கிறித்தவரான விஜய் ஹசாரே அந்த அணியில்தான் ஆட முடிந்தது. 1943 டிசம்பரில் இந்துக்களுக்கு எதிரான ஆட்டத்தில் ‘மற்றவர்’ அணி இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்த மொத்த ஓட்டம் 387. அதில் 309 ஹசாரே ஒருவருடையது.

அதற்குள் இந்த முறைக்கே எதிர்ப்பு வலுத்திருந்தது. 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவைச் சேர்ந்தவர்கள் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்துக் கருத்துக் கேட்டனர். கல்லூரிக்குக் கல்லூரி, நிறுவனத்துக்கு நிறுவனம் போட்டியிடுவது புரிகிறது, சமூகத்துக்குச் சமூகம் போட்டியிடுவது ஏன் என்று விளங்கவில்லை என்பது அவர் தெரிவித்த நிலைப்பாட்டின் சாரம். ஆதரவாளர்களும் சும்மா இருக்கவில்லை. எல்லாச் சமூகத்தாரும் ஒரே அரங்கில் கூடி, ஒருவர் ஆட்டத்தை மற்றவர் கைதட்டி ரசிக்கும் இடம் இதுதான் என்று அவர்கள் வாதிட்டனர். அந்த வாதத்திலும் ஓரளவு உண்மை இருந்தது. நாட்டில் வகுப்புப் பகை முற்றிய 1940-களில் அது நிற்கவில்லை. 1945-46 பருவத்தோடு ஐம்முனைப் போட்டி முடிவுக்கு வந்தது.

ஊர்ப் பெயரில் ஓர் அணி

பிறப்பால் பிரிந்த அணிகளுக்கு மாற்றாக வந்தது ரஞ்சிக் கோப்பை. மாகாணத்துக்கு ஓர் அணி, அதில் எவரும் ஆடலாம் என்பது அதன் அடிப்படை. முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. அன்று மாலைக்குள் ஆட்டம் முடிந்து சென்னை இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார்.

பொங்கல் மேட்ச்சில் எதிரெதிரே நின்றவர்கள் ரஞ்சியில் ஒரே அணியில் ஆட வேண்டி வந்தது. ஐரோப்பியர் அணியின் தூணாக இருந்த பர்மா ஷெல் அதிகாரி சி.பி. ஜான்ஸ்டன், சென்னை ரஞ்சி அணிக்கும் தலைமை தாங்கினார். கோபாலனின் திறமையைக் கண்டறிந்து பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1935-இல் தியான்சந்தோடு நியூசிலாந்து சென்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் அணியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கம் வென்றது.

வாரந்தோறும் ஒரே வலையில் பயிற்சி செய்து, ஒரே ரயிலில் வெளியூர் போய், ஒரே தோல்வியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையே மரத்தடிக்கும் பெவிலியனுக்கும் இருந்த தூரம் குறைந்தது. பிரசிடென்சி மேட்ச்சை எவரும் தடை செய்யவில்லை. 1947-க்குப் பின் ஐரோப்பியர் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, அணி சேர்க்கவே ஆள் இல்லாமல் போய், 1951-52 பருவத்தோடு அது நின்றது.

அதே பருவத்தில், 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தனர். இந்து, பார்சி, முஸ்லிம், கிறித்தவர் என்று பத்தாண்டுக்கு முன் எதிரெதிர் அணிகளில் ஆடிய சமூகத்தார் ஒரே அணியில் ஆடிய காலம் அது. அன்றைய தலைவர், முன்பு ‘மற்றவர்’ அணியில் ஆடிய விஜய் ஹசாரே.

மழையில் கொடுத்த கோப்பை

இந்தியாவில் இந்தக் கோடு மங்கிய அதே காலத்தில், தமிழர் பெருமளவில் வாழும் இன்னொரு நாட்டில் அது சட்டமாகவே எழுதப்பட்டது. 1860-இல் சென்னையிலிருந்து போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தமிழர் வாழ்க்கை தொடங்கியது. 1948-க்குப் பின் வந்த நிறவெறி அரசு, வெள்ளையரும் மற்றவரும் ஒரே அணியில், ஒரே மன்றத்தில் ஆடுவதைத் தடுத்தது. டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிக் கோல்ஃப் வீரர் பப்வா சேவ்கோலம், பிறர் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை வைத்து மட்டை பிடிப்பவர். டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றவர். 1963-இல் சிறப்பு அனுமதி பெற்று நேட்டால் ஓப்பனில் ஆடி, வெள்ளையரை முந்தி முதலிடம் பெற்றார். வெள்ளையருக்கு மட்டுமான மன்றக் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியாது. வெளியே மழை கொட்ட, நனைந்தபடி கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது.

தென்னாப்பிரிக்கா 1964 முதல் ஒலிம்பிக்கிலிருந்து ஒதுக்கப்பட்டது. 1974-இல் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு முன்னேறியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா இறுதி ஆட்டத்தில் ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கைக்கெட்டிய உலகக் கோப்பையைக் கொள்கைக்காக விட்டுக்கொடுத்த நாடு, தன் ஊர்த் திடல்களில் அந்தக் கொள்கையை எவ்வளவு கடைப்பிடித்தது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

தெற்கில்: தெருவும் திடலும்

தென்மாவட்டங்களுக்கு முறையான விளையாட்டு பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழியாகவே வந்தது. அமெரிக்கரான ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியோடு சென்றவரும் அவரே. அங்கே தொடங்கிய உடற்கல்வி ஆசிரியர் மரபு பள்ளிகள்தோறும் பரவியது. தென்காசி வட்டாரத்துச் சுரண்டை போன்ற ஊர்களில் இன்றும் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் பி.டி. வாத்தியார்தான். காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கிராமப் பள்ளிகள் பெருகின. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடியாடும் பொதுத் திடலாகப் பள்ளித் திடல் பல ஊர்களில் அமைந்தது. சுரண்டையின் அரசு கலைக் கல்லூரியும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

பள்ளிக்கு வெளியே நிலைமை வேறு. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் இரவு விளக்குப் போட்டு நடக்கும் கபடியில் அணிகள் ஊர் பெயரிலோ தெரு பெயரிலோ இறங்குகின்றன. கேட்பதற்கு ரஞ்சி முறையைப் போலவே இருக்கிறது. ஆனால் தென்மாவட்டக் கிராமத்தில் தெரு என்பதே பெரும்பாலும் சாதிக் குடியிருப்பு. கீழத்தெரு அணி, மேலத்தெரு அணி, காலனி அணி என்று பதிவுத் தாளில் எழுதும்போதே யார் யார் எந்தச் சாதி என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. சேப்பாக்கத்தில் ஊர்ப் பெயர் இனக் கோட்டை அழித்தது. இங்கே ஊர்ப் பெயருக்குள்ளேயே கோடு ஒளிந்திருக்கிறது. ரெய்டு போனவரை மடக்கிப் பிடித்ததில் எழும் தகராறு, ஆட்டத்தோடு முடியாமல் தெருவுக்குத் தெரு பகையாக மாறுவது இதனால்தான். கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்ற வழக்குகளில், ஆட்டக்காரர் உடையில் அரசியல் தலைவர், சாதித் தலைவர் படம் இருக்கக்கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டதும் உண்டு.

பள்ளித் திடலும் இதிலிருந்து தப்பவில்லை. 2019-இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று, சில பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைச் சுட்டிக்காட்டியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்களையும் குறிப்பிட்டது. விளையாட்டு அணிக்கு ஆள் சேர்க்கவும் வகுப்பும் மதிய உணவும் இல்லாத நேரங்களில் கூடவும் இந்தக் கயிறுகள் பயன்படுவதாகத் தெரிகிறது என்று அதில் இருந்த வரி கவனிக்கத்தக்கது. திடலில் இரண்டு பக்கமாகப் பிரிய, யார் நன்றாக ஓடுவான், யார் நன்றாகப் பிடிப்பான் என்று பார்க்கவேண்டிய பிள்ளைகள் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள் என்பதே அதன் பொருள். அந்தச் சுற்றறிக்கையைச் சூழ்ந்து அரசியல் சர்ச்சை எழுந்தது. உறுதியான நடவடிக்கை உடனே தொடரவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையால் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை விதிக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்கவும் பரிந்துரைத்தது.

இந்த வட்டாரத்துக் கபடியின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தில் பிறந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி அர்ஜுனா விருது பெற்றார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன் காளமாடன்’ 2025-இல் வெளிவந்தது. ஊர்த் திடலில் சாதி வழிமறித்தாலும், மாவட்ட அணியும் மாநில அணியும் திறமையைத் தேடும்போது வழி திறக்கும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அந்த அணிகளின் கண்ணில் படும்வரை ஒரு பையன் ஊரில் ஆடியாக வேண்டும். அந்த இடத்திலேயே பலர் நின்றுபோகிறார்கள்.

எஞ்சி நிற்கும் பாடம்

சேப்பாக்கம், பம்பாய், பூனா, டர்பன் ஆகிய நான்கு இடங்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தனி அணி அமைத்து வெல்வது ஒதுக்கப்பட்டவருக்குத் தன்மானத்தைத் தந்தது; புச்சி பாபுவும் பார்சிகளும் அதைச் சாதித்தார்கள். பாகுபாட்டை அது ஒழிக்கவில்லை. ஒரே அணியில் சேர்த்துக்கொள்வதும் போதவில்லை; பாலு அணியில் இருந்தார், தேநீர் வெளியே வந்தது. களம், அணி, உணவு மேசை, தலைமைப் பொறுப்பு ஆகிய நான்கும் பொதுவான பிறகே கோடு அழிந்தது. அவற்றில் ஒன்று பொதுவாகாவிட்டாலும் கோடு முழுதாக அழியவில்லை.

தென்மாவட்டங்களில் இதைச் செய்யும் அதிகாரம் பெரிய சங்கங்களை விடப் போட்டி நடத்தும் ஊர்க் குழுக்களிடமும் பள்ளிகளிடமும் இருக்கிறது. தெருவாரியாக அணி பதிவதை விட்டு, எல்லாத் தெரு ஆட்டக்காரர்களையும் சீட்டுக் குலுக்கி அணிகளாகப் பிரிப்பது ஒரு வழி. ஒன்றியத்துக்கோ பள்ளிக்கோ ஒரே அணி என்று விதிப்பது மற்றொரு வழி. இரண்டுக்கும் செலவு கிடையாது. கொடை விழாக்குழுவும் உடற்கல்வி ஆசிரியரும் முடிவெடுத்தால் அடுத்த போட்டியிலேயே நடக்கக்கூடியவை.